ஏழாம் நம்பர் பாட்டிலில் இருந்த இரும்பு

நம் வேதியியல் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போன வாரம் ஒரு தம்பி ஒரு கேள்வி போட்டிருந்தார். சிதம்பரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கிறவர். "எங்க லேப்ல ஒரு வழக்கம் இருக்கு. பிராக்டிகல் அன்னிக்குக் காலைல, பசங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி, இரும்பு உப்பை மட்டும் வெளியூர்லேருந்து மார்க் போட வர்ற எக்ஸ்டர்னல் கையில குடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லணுமாம். அவுங்க வேலன்சி ரெண்டுன்னா ரெண்டு, மூணுன்னா மூணு. பாட்டில் மேல என்னா எழுதியிருந்தாலும் கணக்கில்லையாம். இது எதுக்குன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். ஒருவர் அதற்குக் கீழே வழக்கம்போல ரோஜாப்பூவையும் காலை வணக்கத்தையும் போட்டுவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியும். நான் ஓய்வு பெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறேன். இந்தக் குரூப்பில் பாதிப் பேரைப் போல நானும் எல்லாவற்றையும் படிப்பேன், எதற்கும் பதில் எழுத மாட்டேன். வேலையில் இருந்தவரை என் வாய்க்குப் பயந்தவர்கள் அதிகம். இப்போது பேச ஆளில்லாமல் அந்த வாயே துருப்பிடித்துக் கிடக்கிறது. தம்பியின் கேள்விக்காக அதைக் கொஞ்சம் திறக்கிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணைதிறன், அதாவது இந்த வேலன்சி, நடத்துவது சுலபம் என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் வேலைக்கு வருகிறீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். சோடியம் ஒன்று, மக்னீசியம் இரண்டு, அலுமினியம் மூன்று. வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று பார், நாலுக்கு மேல் போனால் எட்டிலிருந்து கழி. ஆக்சிஜனுக்கு ஆறு, எட்டில் ஆறு போனால் இரண்டு. பிறகு இரண்டு எண்களையும் குறுக்கே மாற்றிப் போட்டு அலுமினியம் ஆக்சைடுக்கு வாய்பாடு எழுதிவிட்டால் வகுப்பில் ஒரு சந்தோஷம் வரும். கணக்கு வராத பிள்ளைகளுக்குக்கூட அன்றைக்கு வந்துவிடும். இரும்பு வரும்போதுதான் முகம் மாறும். "இதுக்கும் எட்டுல கழிக்கலாமா மிஸ்?" என்று கேட்பார்கள். கழிக்க முடியாது. இரும்புக்கு இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு. அது எதோடு சேர்ந்திருக்கிறது, எப்படி வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கையில் இருக்கிற இரும்பு எது என்று தாளில் போட்டுக் கண்டுபிடிக்க வழியில்லை, அதையேதான் கேட்டாக வேண்டும். தண்ணீரில் கரைத்து சோடியம் ஹைட்ராக்சைடு விட வேண்டும். அடியில் படிகிற வீழ்படிவு அழுக்குப் பச்சையாக வந்தால் இரண்டு, செம்பழுப்பாக வந்தால் மூன்று. பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

இனி எக்ஸ்டர்னலாகப் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு இந்த வருஷம் முதல் ஆர்டர் வரும். வேறொரு ஊர்ப் பள்ளிக்குப் போய், அங்கே யாரோ நடத்திய பிள்ளைகளுக்கு மார்க் போடுகிற வேலை. போனதும் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். டீ வரும், தட்டில் பிஸ்கட் வரும். ஹெட்மாஸ்டர் வந்து ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டுப் போவார். அதோடு எல்லோரும் மாயமாகிவிடுவார்கள். மத்தியானம் ஓர் அறையைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது, ஆனால் மாப்பிள்ளையோடு மச்சானாவது உட்கார்ந்து பேசுவான். எக்ஸ்டர்னலிடம் பேசினால் மார்க்குக்காகப் பேசுகிறான் என்று ஆகிவிடுமாம். வீட்டில்தான் தனியாகச் சாப்பிடுகிறேன், வெளியூர் வந்தும் அதுதானா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதனால்தான் பல வருஷங்களுக்கு முன் ஓர் ஆர்டரில், தம்பி இப்போது இருக்கிற அந்தப் பள்ளியின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கே வேதியியல் நடத்தியவள் என் சிநேகிதி. பி.எட். படித்த காலத்தில் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மாடி அறையில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தோம். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள். எனக்கு அதெல்லாம் அமையவில்லை, அப்பா இல்லாத வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்வதிலேயே காலம் போயிற்று. அந்த அம்மாவும் போன பிறகு, என்னை "டீ" போட்டுக் கூப்பிட இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். பக்கத்துப் பக்கத்து ஊர் என்றாலும் அவளுக்குக் குடும்பம், எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். போனில் பேசுவதோடு சரி.

ஆர்டர் வந்த அன்றே கூப்பிட்டேன். "வாடி, வா. அந்த ரூம் சாப்பாடெல்லாம் உனக்கு வேணாம். நான் கொண்டாறேன், ரெண்டு பேருக்கும் சேத்து. சம்பா சாதமும் கத்திரிக்கா கொத்சும் பண்றேன். லேப்லயே உக்காந்து சாப்புடலாம்" என்றாள். சொன்னால் சிரிப்பீர்கள். பிராக்டிகலுக்குப் போகிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. சாப்பிடப் போகிற மாதிரிதான் காலையில் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் தாண்டிப் போகிற வரை என்னென்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

லேப் பழையது. கடல் தூரமில்லை, எங்கள் பக்கத்து உப்புக்காற்று எந்த மூடியையும் விட்டுவைக்காது. ஜன்னல் கம்பி, ஸ்டாண்ட், பூட்டு எல்லாம் பொரிந்து போயிருந்தன. மேஜையில் உப்புப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. பெயர் தெரியாதபடி மேலே நம்பர் ஒட்டியிருந்தார்கள். அதெல்லாம் ஒரு சம்பிரதாயம். எந்த நம்பரில் என்ன உப்பு என்பது சில பள்ளிகளில் முந்தின நாளே பிள்ளைகளின் காதுக்குப் போய்விடும். யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன், அந்த லேப்பில் போயிருந்தது.

முதல் பேட்ச்சில் நாலு பெண்களுக்கு ஏழாம் நம்பர் விழுந்தது. வைவா, அதாவது வாய்மொழிக் கேள்வி, கேட்பதற்காக ஒவ்வொரு மேஜையாகப் போனேன். எந்த உப்பு விழுந்திருந்தாலும் நான் ஒரு கேள்வியை எல்லோரிடமும் கேட்பேன். "இரும்போட வேலன்சி என்னம்மா?" முதல் மூன்று பெண்களும் ஒரே மூச்சில் "ரெண்டு, மூணு மேடம்" என்றார்கள். தப்பில்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது, மேலே போக வேண்டியதுதான்.

நாலாவது பெண் கடைசி மேஜையில், ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்தாள். அவளுடைய யூனிஃபார்ம் வேறு நிறம். போன வருஷம் வேறொரு பள்ளியில் படித்தவள், பிராக்டிகல் சமயத்தில் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். இந்த வருஷம் இங்கே வந்து எழுதும்படி ஆகியிருந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். இந்தத் தடவையும் போனால் வீட்டில் அதோடு நிறுத்திவிடுவார்கள் என்று என் சிநேகிதியே காலையில் என்னிடம் சொல்லியிருந்தாள். அந்த லேப்பில் அவளை யாருக்கும் தெரியாது. முந்தின நாள் போன செய்தி அவள் காதுக்குப் போக வழியில்லை.

அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எதுல இருக்குற இரும்பு, மேடம்?" என்றாள்.

அத்தனை வருஷத்தில் என்னைத் திருப்பிக் கேட்ட முதல் பிள்ளை அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. "இந்தா, உன் டெஸ்ட் டியூப்ல இருக்குதே, அதுல" என்றேன்.

"இதுல மூணு மேடம். பிரவுனா வந்துச்சி. நம்பாம இன்னொரு தடவையும் பண்ணிப் பாத்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த டேபிள்ல எல்லாரும் பச்சைன்னு பேசிக்கிறாங்க. எனக்குக் கண்ணுல ஏதாவது கோளாறான்னு தெரியல மேடம். காமாலை வந்துச்சில்ல" என்றாள்.

டியூபைப் பார்த்தேன். செம்பழுப்பு. என் கண்ணில் காமாலை எதுவும் இல்லை.

பேட்ச் முடிந்து பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, நானும் சிநேகிதியும் தாள்களைத் திருத்த உட்கார்ந்தோம். அவள் கொண்டுவந்த கேரியர் மேஜை ஓரத்தில் துண்டு சுற்றி இருந்தது, கொத்சு வாசனை வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் தாளிலும் பச்சை வீழ்படிவு, ஃபெரஸ், இணைதிறன் இரண்டு. அவள் மளமளவென்று ரைட் போட்டாள். நாலாவது தாளில் பேனாவை நிறுத்தினாள்.

"ஐயோ பாவம், இந்தப் பொண்ணு பெரிக், வேலன்சி மூணுன்னு எழுதிட்டாடி. ஏழு பெரஸ்."

"அவ டியூப்ல பிரவுனாத்தான் இருந்துச்சி, நான் பாத்தேன்."

"லேட்டா பாத்திருப்பா. காத்துப் பட்டா பச்சை பிரவுனா மாறும்னு உனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னது நியாயமான சந்தேகம். பச்சை வீழ்படிவை அப்படியே வைத்தால் மேலே பழுப்பாகிக்கொண்டே வரும். எனவே நானே எழுந்து ஏழாம் நம்பர் பாட்டிலைத் திறந்தேன். அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட், வெளிர் பச்சைக் கற்கண்டாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டிலின் அடியில் இருந்தது மஞ்சள் பழுப்பு மாவு. மூடி துருவேறி, இறுக்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கரைத்து ஹைட்ராக்சைடு விட்டேன். விட்ட உடனே பழுப்பு. மனது கேட்காமல் இன்னொரு டியூபில், மூன்று இருந்தால் சிவக்கிற தயோசயனேட் விட்டேன், ரத்தச் சிவப்பாக வந்தது. இரண்டு என்கிற இரும்பு அதில் துளி மிச்சம் இருந்திருக்கலாம். மற்றதெல்லாம் காற்றுப்பட்டு மூன்றாக மாறிவிட்டிருந்தது. இரண்டு டியூபையும் ஸ்டாண்டில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் இரண்டையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, முட்டாளும் இல்லை. எங்கள் இரண்டு பேரில் அவள்தான் நல்ல மாணவி. "சரிடி, பாட்டில் கெட்டுப்போச்சி. ஒத்துக்கறேன். நாலு பேருக்கும் ரைட் போட்டுடலாம். பெரஸ்னு எழுதுனதும் ரைட்டு, பெரிக்னு எழுதுனதும் ரைட்டு. யாருக்கும் நஷ்டமில்ல. போட்டுட்டு சாப்புடலாம் வா" என்றாள்.

தம்பி தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். சண்டை போடுகிறவர்களோடு முடிவெடுப்பது எளிது. யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு வழியை உங்களுக்குப் பிரியமானவர்கள் அன்போடு எடுத்து நீட்டும்போதுதான் கஷ்டம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பசித்தது. அந்தச் சாப்பாட்டுக்காக நான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சரி என்று சொல்லப் பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அந்தப் பெண் தன் கண்ணில் கோளாறா என்று கேட்டதுதான் என்னை நிறுத்தியது. பார்த்ததை எழுதியவளுக்கும் பார்க்காததை எழுதியவர்களுக்கும் ஒரே மார்க் என்றால், அடுத்த முறை அவளும் பக்கத்து மேஜையைக் கேட்டுத்தான் எழுதுவாள். அப்படி எழுதினால் என்ன தப்பு என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.

"வேணாம்டி. அந்த மூணு பேருக்கும் இன்னொரு சான்ஸ் குடுப்போம். இப்பவே கூப்புடு. அதே உப்பு, அந்த ஒரு டெஸ்ட் மட்டும். பாத்து எழுதட்டும். பிரவுன்னு எழுதுனா முழு மார்க்கும் போட்டுடறேன்" என்றேன்.

"ஏன்டி படுத்தற? மூணு பேர் வீட்லயும் பன்னண்டாவது தாண்டுனவங்களே கெடையாது. ஆளுக்கு ஒரு மார்க் கொறஞ்சாலும் என்னைத்தான் கேப்பாங்க. நீ சாயங்காலம் பஸ் ஏறிடுவ. நான் நாளைக்கும் இங்கதான் இருக்கணும்."

"அதான் சொல்றேன், கண்ணு முன்னாடி இருக்குறத எழுதுனா போதும். அதவிட சுலபமா எந்தக் கேள்வி கேக்கறது?"

கூப்பிட்டாள். மூன்று பெண்களும் வந்து நின்றார்கள். நான் சொன்னேன், "பழசை மறந்துடுங்க. இப்ப பண்ணுங்க, டியூப்ல என்ன தெரியுதோ அத எழுதுங்க. பாட்டில்ல என்னா இருக்குன்னு நான் கேக்கல." செய்தார்கள். கை சுத்தமாக, அழகாகச் செய்தார்கள். அவள் நன்றாகப் பழக்கியிருந்தாள். மூன்று டியூபிலும் செம்பழுப்பு வந்து இறங்கியது. மூன்று பேரும் தாளை எடுத்தார்கள். முதல் இரண்டு பேர் டியூபைப் பார்த்துக்கொண்டே "பச்சை வீழ்படிவு" என்று எழுதினார்கள். மூன்றாவது பெண் தயங்கினாள். அவள் பிரவுன் என்று எழுதிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் டியூபைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து தன் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவளும் பச்சை என்று எழுதினாள்.

என் சிநேகிதி அதைப் பார்த்துவிட்டாள். அதை அவள் பார்க்காமல் இருந்திருந்தால் எங்களுக்குள் ஒன்றும் ஆகியிருக்காது என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. மார்க் குறைந்ததற்காக அவள் என்னை ஒரு வாரம் திட்டியிருப்பாள், அப்புறம் போன் செய்திருப்பாள். ஆனால் தான் அத்தனை வருஷம் உயிரைக் கொடுத்து நடத்திய பிள்ளைகள், கண்ணை விட்டுவிட்டுத் தன் முகத்தைப் பார்த்து எழுதுகிறார்கள் என்பது அவளுக்கு என் எதிரில், என்னால், தெரிந்துவிட்டது. அதை யார்தான் மன்னிப்பார்கள்?

பிள்ளைகளை அனுப்பினாள். அந்த ஒரு சோதனைக்கான மார்க்கை மட்டும் மூன்று பேருக்கும் குறைத்தேன். மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் தேறிவிட்டார்கள். கடைசி மேஜைப் பெண்ணுக்கு முழு மார்க். தாளை நகர்த்தினேன், சிநேகிதி என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு எழுந்து, கேரியரின் துண்டை அவிழ்த்தாள். இரண்டு இலை கொண்டுவந்திருந்தாள். ஒரு இலையை மட்டும் எனக்கு எதிரில் போட்டு, தண்ணீர் தெளித்து, சாதம் வைத்து, கொத்சு ஊற்றினாள். அப்பளம் நொறுங்காமல் இருக்கத் தனி டப்பாவில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள், அதையும் எடுத்து வைத்தாள்.

"நீ?" என்றேன்.

"எனக்குப் பசியில்ல மேடம். நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு, கதவை லேசாகச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

அந்த "மேடம்" இன்னும் காதில் இருக்கிறது. சாப்பிட்டேன். சாப்பிடாமல் எழுந்தால் அது இன்னும் பெரிய அவமானமாகிவிடும் என்று முழுதும் சாப்பிட்டேன். கொத்சு கீழ வீதியில் சாப்பிட்ட அதே ருசி. கண்ணில் தண்ணீர் வந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று சொல்லிக்கொள்ளக்கூட அங்கே யாரும் இல்லை. கேரியரைக் கழுவித் துடைத்து, துண்டைச் சுற்றி அதே இடத்தில் வைத்தேன். மத்தியான பேட்ச்சில் ஏழாம் நம்பர் பாட்டிலை எடுத்துவிட்டிருந்தாள். வேலை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் கேட் வரைக்கும் பியூன்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, காலையில் அவசரத்தில் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தது. தனியாக இருக்கிறவர்களின் வீட்டில் எந்தப் பொருளும் தானாக இடம் மாறாது. அன்றைக்கு அதைப் பார்த்து நின்றது போல வேறு எந்த நாளும் நின்றதில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை. பொங்கலுக்கு, தீபாவளிக்கு என்று செய்து பார்த்தேன். பிறகு எனக்கும் ரோஷம் வந்தது, விட்டுவிட்டேன். அதற்குப் பின் எக்ஸ்டர்னலாகப் போன இடத்துக்கெல்லாம் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய்விடுவேன். யாராவது கொண்டுவருவார்கள் என்று எதிர்பார்த்துப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டேன்.

அந்தக் கடைசி மேஜைப் பெண் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. பெயர்கூடத் தெரியாது, எங்களுக்கு நம்பர்தான். நர்ஸாகவோ டீச்சராகவோ ஆகி என்னைத் தேடி வந்தாள் என்று சொன்னால் இந்தக் கதை நன்றாக இருக்கும். வரவில்லை. என் முகமே அவளுக்கு நினைவிருக்காது. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அன்றைக்குச் செய்தது சரிதானா என்று நீங்கள் கேட்டால், சரிதான். நாளைக்கே மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதே மார்க்தான் போடுவேன். ஆனால் சரியாகச் செய்தால் மனதுக்கு நிம்மதி வரும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை. அதற்காகச் செய்யாமல் விடுவதற்கும் இல்லை. விலை கேட்காமல் வாங்குகிற சாமான் மாதிரி சில முடிவுகள், வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன போயிற்று என்று தெரியும். என்னை "டீ" என்று கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியவளும் அவள்தானே.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அந்த லேப்பில் இரும்பு உப்பை ஏன் எக்ஸ்டர்னல் கையில் கொடுக்கிறார்கள் என்று இந்நேரம் உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்த வழக்கத்தை ஆரம்பித்தது அவள்தான். எனக்கே அது போன வாரம் உங்கள் கேள்வியைப் படித்தபோதுதான் தெரிந்தது. என்னோடு பேசாமல் இருந்துகொண்டே, ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு வெளியாளிடம் அந்தப் பாட்டிலை நீட்டி, "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றிருக்கிறாள்.

ஆனால் தம்பி, நீங்கள் அதற்குக் கீழே இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். ரோஜாப்பூ வந்து மறைத்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. "இன்னொன்னும் சொல்லிட்டுப் போயிருக்காங்க, இந்த வழக்கத்த ஆரம்பிச்ச பழைய மேடம். மத்தியானம் எக்ஸ்டர்னலைத் தனியா சாப்புட விடக் கூடாதாம். என்னா சண்டையா இருந்தாலும் இன்டர்னலா இருக்குற நம்ம ஸ்கூல் டீச்சர் எதிர்ல எலை போட்டு உக்காந்து, கூட சாப்புட்டுத்தான் எழுந்திரிக்கணுமாம். இதுக்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்னா சம்பந்தம்னு தெரியல."

ஒரு சம்பந்தமும் இல்லை தம்பி. அதை அப்படியே கடைப்பிடியுங்கள்.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். போனை எடுத்து எடுத்து வைத்தேன். பிறகு குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று மேலிருந்து கீழ் வரை தள்ளிப் பார்த்தேன். அவளும் இருக்கிறாள். என்னைப் போலவே எல்லாவற்றையும் படித்துக்கொண்டு, எதற்கும் பதில் எழுதாமல் இருக்கிறாள். இவ்வளவு நீளமாக நான் எழுதியது உங்களுக்காகத்தான். ஆனால் கடைசி நாலு வரி உங்களுக்கு இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயித்துக்கெழம காலைல பஸ் ஏறுறேன்டி. கொத்சு எனக்கு இன்னமும் வராது, புளிசாதந்தான் கட்டிட்டு வருவேன், ரெண்டு பேருக்கு. நீ பேசணும்னுகூட இல்ல. எதிர்ல எலையப் போட்டு உக்காரு, போதும்.